கடவுச்சொல்லை மறந்தது யார்?



பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழ்பவர்களுக்குக் கடிதத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தபால்காரரின் வருகையை எதிர்பார்த்து வாயிலில் நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த வாயில் கணினிக்குள் அமைந்துவிட்டது. ஓய்வூதிய ஆணையும், வங்கிக் கணக்கு விவரமும், கப்பல் அல்லது விமானப் பயணச் சீட்டும், மகளின் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அறிவிப்பும், ஊரில் விட்டு வந்த நிலத்தின் பத்திர நகலும் மின்னஞ்சலிலேயே வருகின்றன. உறவினர் அருகில் இல்லாத ஊரில் இருப்பவருக்கு இந்த அஞ்சற்பெட்டி பழுதாகிவிட்டால், கை ஒடிந்ததைப் போன்ற நிலைதான்.

அப்படிப்பட்ட பழுதுகளுள் ஒன்று பலருக்கும் பழக்கமானது. கணினியில் உள்ள மின்னஞ்சல் செயலியைத் திறந்தவுடன் அது கடவுச்சொல்லைக் கேட்கிறது. ‘நினைவில் வைத்துக்கொள்’ என்னும் கட்டத்தில் குறியிட்டுச் சொல்லைக் கொடுக்கிறோம். அஞ்சல் வருகிறது. மறுநாள் காலையில் செயலி மீண்டும் கேட்கிறது. மூன்றாம் நாளும் கேட்கிறது. “சொன்னதை மறந்துவிடுகிறது, இதற்கு ஞாபக சக்தியே இல்லை” என்று சலித்துக்கொள்கிறோம்.

மறதி மனிதருக்கு இயல்பு, இயந்திரத்திற்கு அன்று. செயலி மறந்துவிட்டது என்பது நாம் அதன் மீது ஏற்றிச் சொல்லும் வார்த்தை. உண்மையில் அது மூன்று காரணங்களுள் ஒன்றினால் கேட்கிறது. சொல்லை வைத்திருக்கும் பெட்டியை அதனால் திறக்க முடியவில்லை. அல்லது சொல்லை எடுத்துச் செல்லும் வழியில் தடை நேர்ந்தது. அல்லது அக்கரையில் இருக்கும் காவலர் அந்தச் சொல்லை ஏற்க மறுத்துவிட்டார். பெட்டி, வழி, வாயில் என்ற இம்மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல், கேட்டபோதெல்லாம் சொல்லைக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய ஆபத்து. இதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அந்தமான் தீவுகளில் வாழும் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க நியாயம் உண்டு. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்ந்தவர்கள் 3,80,581 பேர். அவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தாயகத்துக்கும் தீவுக்கும் இடையே கடல் கிடக்கிறது. சென்னையிலிருந்து கப்பலில் வந்துசேர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். ஒரு தாளில் கையொப்பமிட ஊருக்குப் போய் வருவது எளிய காரியமன்று. ஆதலால் இங்கே மின்னஞ்சல் ஒரு வசதி என்ற நிலையைக் கடந்து, தேவையாகவே ஆகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு செய்தியைச் சொல்வோம். 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் இருக்கிறார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரன் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு அஞ்சல்களையெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டுப் படிப்புக்காகக் கோவைக்குப் போய்விட்டான். அன்று முதல் செயலி நாள்தோறும் கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கியது. பெரியவர் முதலில் பொறுமையாகக் கொடுத்தார். பிறகு சொல் பழையதாகிவிட்டது போலும் என்று எண்ணி, அதை இரண்டு முறை மாற்றினார். மாற்றியது மறந்துபோகாதிருக்கச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் எழுதி வைத்தார். நாளடைவில், கணினி கேட்பதும் தாம் கொடுப்பதும் காலைக் காப்பியைப் போல அவருக்குப் பழகிவிட்டன.

இந்தப் பழக்கந்தான் கெடுதலுக்கு வழி வைத்தது. ஒரு நாள், “உங்கள் அஞ்சற்கணக்கு நாளையோடு முடக்கப்படும், கீழ்க்கண்ட இடத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்து உறுதி செய்க” என்று ஓர் அஞ்சல் வந்தது. அது வஞ்சகர் அனுப்பிய போலி. மற்றொரு சமயமாக இருந்தால் அவர் ஐயுற்றிருப்பார். நாள்தோறும் கேட்கப்பட்டு வந்தவருக்கு அன்று அது புதுமையாகத் தோன்றவில்லை, கொடுத்துவிட்டார். இரண்டு நாட்களில் அவர் பெயரால் உறவினர்களுக்கெல்லாம் கடிதங்கள் போயின. தாம் மருத்துவமனையில் இருப்பதாகவும், உடனே பணம் வேண்டுமென்றும் அவற்றில் எழுதியிருந்தது. மதுரையில் இருந்த தங்கை மகன், மாமா தீவில் தனியாக இருக்கிறாரே என்று பதறி ஒரு தொகையை அனுப்பிவிட்டார். அது திரும்பி வரவில்லை.

பின்னர் ஆராய்ந்ததில் மூல காரணம் வெளிப்பட்டது. பேரன் கோப்புகளை மாற்றியபோது, கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பு வந்துவிட்டது; அதைத் திறக்கும் சாவியாகிய கோப்பு பழைய கணினியிலேயே தங்கிவிட்டது. பெட்டி இங்கே, சாவி அங்கே. செயலியின் மீதும் குற்றமில்லை, பெரியவரின் நினைவிலும் குறையில்லை. சரிசெய்யக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பெட்டி என்றும் சாவி என்றும் சொன்னதன் பொருளை விளக்க, கடவுச்சொல்லின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். கணினியில் கடவுச்சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்திய அமைப்புகளுள் ஒன்று, 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் தலைமையில் உருவானது. ஒரே கணினியைப் பலர் முறை வைத்துப் பயன்படுத்தியதால், ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க இந்த ஏற்பாடு. அந்தக் காலத்தில் எல்லோருடைய சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், அந்தக் கோப்பை அச்சிட்டுத் தரும்படி கணினிக்கே ஆணையிட்டு, எல்லோருடைய சொற்களையும் பெற்றுக்கொண்டார்!

இத்தகைய அனுபவங்களால் அறிஞர்கள் ஒரு வழி கண்டனர். வாயிற்காவலர் சொல்லையே வைத்திருக்க வேண்டியதில்லை. சொல்லைக் கணித முறையில் அரைத்துப் பெற்ற ஓர் அடையாளத்தை மட்டும் வைத்திருந்தால் போதும். அரிசியை அரைத்து மாவாக்கலாம். மாவிலிருந்து அரிசியைப் பெற முடியாது. வருகிறவர் சொல்லும் சொல்லையும் அதே முறையில் அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒத்திருந்தால் உள்ளே விடலாம். 1970-களில் யூனிக்ஸ் அமைப்பில் இம்முறை கையாளப்பட்டது. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர்.

காவலருக்குப் பொருந்தும் இந்தத் தந்திரம், நம் கணினியில் இருக்கும் மின்னஞ்சல் செயலிக்குப் பொருந்தாது. செயலி என்பது நம் சார்பில் வாயிலுக்குச் சென்று சொல்லைச் சொல்லும் தூதன். சொல்லைக் கேட்டு ஒப்பிடுபவன் அடையாளத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம்; சொல்லவேண்டியவனுக்குச் சொல்லே தேவை. ஆகவே தூதன் அதை எங்கேனும் முழுமையாக வைத்திருக்க வேண்டும். பிறர் படிக்காதபடி பூட்டியும் வைக்க வேண்டும். வேண்டும்போது தானே திறக்கவும் வேண்டும். பூட்டிய பெட்டி ஒன்று, சாவி ஒன்று என இரண்டு பொருள்கள் இதனால்தான் அவசியமாயின. நினைவு இரு கூறாகப் பிரிந்துவிட்டது. ஒரு கூறு கெட்டாலும் மற்றொன்று பயனற்றுப் போகிறது.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் முதற் பதிப்பாக வெளிவந்து இன்றும் பலர் பயன்படுத்தி வரும் தண்டர்பேர்ட் என்னும் இலவசச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் பயனாளருக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதனுள் ‘லாகின்ஸ்’ என்ற பெயருடைய கோப்பு கடவுச்சொற்களைப் பூட்டிய வடிவில் வைத்திருக்கிறது. ‘கீ4’ என்ற பெயருடைய கோப்பு சாவி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால்தான் பெட்டி திறக்கும். மின்சாரம் திடீரென்று நின்று கோப்பு சிதைந்தாலும், ஒன்றை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டு சென்றாலும், அந்தக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லாமற் போனாலும், வட்டில் இடம் நிரம்பிவிட்டாலும், செயலியால் புதிய சொல்லைப் பதிந்துகொள்ள முடியாது. ‘கணினியைத் துப்புரவு செய்கிறோம்’ என்று சொல்லும் சில மென்பொருள்கள், குப்பையோடு சேர்த்துச் சேமித்த கடவுச்சொற்களையும் கூட்டித் தள்ளுவதுண்டு.

வேறு சில செயலிகள் சாவியைத் தாமே வைத்துக்கொள்ளாமல், கணினியின் இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கின்றன. விண்டோஸ் அமைப்பில் இந்தச் சாவி, கணினியைத் திறக்க நாம் கொடுக்கும் உள்நுழைவுச் சொல்லோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லை நாமே பழையதைக் கொடுத்து மாற்றினால் பிணைப்பும் முறையாக மாறிவிடும். பழையது மறந்துபோய், நிர்வாகி ஒருவர் புதிதாக ஒன்றை வைத்துக் கொடுத்தால், பழைய பெட்டி திறவாமற் போகலாம். லினக்ஸ் கணினிகளில் ‘சாவிக்கொத்து’ என்றே ஓர் ஏற்பாடு உண்டு. உள்நுழைவுச் சொல் கேட்காமலே கணினி திறந்துகொள்ளும்படி ஒருவர் வைத்திருந்தால், சாவிக்கொத்து பூட்டியபடியே இருக்கும். அஞ்சற்செயலி கேட்கும்போது அது வேறொரு சொல்லைக் கேட்டு நிற்கும்.

இயக்க அமைப்பிலேயே பிழை நேர்ந்த நிகழ்ச்சியும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான விண்டோஸ் 10-இன் புதுப்பிப்பை ஏற்றுக்கொண்ட கணினிகள் பலவற்றில், அவுட்லுக் முதலிய செயலிகள் கடவுச்சொற்களை ஒவ்வொரு முறையும் கேட்கத் தொடங்கின. பின்னணியில் குறித்த நேரத்தில் இயங்கும் சில வேலைகள் சேமிப்பைப் பாதித்தன என்பது பின்னர் தெரியவந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் முதலில் அந்த வேலைகளை நிறுத்தி வைக்கும் வழியைக் கூறி, பின்னர் திருத்தமும் வெளியிட்டது. சொற்களை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் இந்த நோய் தீர்ந்திருக்காது.

இரண்டாவது, வழி. இங்கே நம் தீவுகளின் அனுபவம் நல்ல பாடமாக அமைகிறது. 2020-ஆம் ஆண்டு வரை அந்தமானுக்கும் தாயகத்துக்கும் இடையிலான இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. பூமியைச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஒரு கேள்வி மேலே சென்று கீழே இறங்கி, அதன் விடையும் மேலே சென்று கீழே இறங்க, ஒளியின் வேகத்தில் சென்றாலும் ஏறக்குறைய அரை விநாடி ஆகும். அஞ்சற்செயலி உள்ளே நுழைவதற்குக் காவலரோடு பல முறை கேள்வி விடை பரிமாறிக்கொள்ள வேண்டும். அலைவரிசை குறைவு, பயன்படுத்துவோர் மிகுதி, இடையே மழை. சில சமயம் பேச்சு முடிவதற்குள் பொறுமை எல்லை கடந்து, உள்நுழைவு தோற்றுவிடும்.

அப்படித் தோற்றபோது பல செயலிகள் ஓர் அறிவிப்பைக் காட்டுகின்றன. “உள்நுழைய முடியவில்லை” என்று சொல்லி, மீண்டும் முயல்வதா, புதிய கடவுச்சொல்லைக் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்கின்றன. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நம் போன்றோர்க்கு இந்த வாசகம் ஓர் எச்சரிக்கை. ‘உள்நுழைய முடியவில்லை’ என்பதைப் பலரும் ‘கடவுச்சொல் தவறு’ என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அவசரப்பட்டுப் ‘புதிய கடவுச்சொல்’ என்பதை அழுத்தினால், பெட்டியில் இருந்த நல்ல சொல் நீங்கி, அவசரத்தில் பிழையாகத் தட்டிய சொல் அவ்விடத்தில் அமர்ந்துவிடக்கூடும். வழியில் நேர்ந்த தடை அதன் பிறகு உண்மையான கோளாறாகவே மாறிவிடுகிறது.

சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடி ஒளியிழை வடத்துக்கு 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் அது தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வடம், ஸ்ரீ விஜயபுரத்தோடு சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் தொடுகிறது. இதற்கான செலவு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய். வழி சீரானதால் வழியின் குற்றங்கள் பெரிதும் குறைந்தன. ஆயினும் வடம் எட்டாத தீவுகளும், வீட்டு வயர்களின் பழுதும், மின்தடையும் இன்னும் உண்டு. அறிவிப்பு வந்தால் முதலில் ‘மீண்டும் முயல்க’ என்பதையே அழுத்துவதும், சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்பதும் எங்கிருப்போர்க்கும் நல்லது. கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டால், பாதுகாப்புச் சான்றுகள் செல்லாதவையாகத் தோன்றி, உள்நுழைவே நடைபெறாது.

மூன்றாவது, வாயில். நாம் ஒன்றும் மாற்றாதிருக்கும்போதே காவலர் தம் விதியை மாற்றிக்கொள்வது உண்டு. அண்மைக்காலத்தில் இது பெருவாரியாக நடந்தது. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்து உள்ளே வரும் செயலிகளை 2022-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் முதல் ஏற்பதில்லை என்று கூகுள் நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் அதே ஆண்டு அக்டோபர் முதல் அலுவலக அஞ்சற்கணக்குகளில் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. இதற்கு மாற்றாக வந்துள்ளது ‘ஓ ஆத்’ என்னும் முறை. இதன் இரண்டாம் பதிப்பு 2012-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. இதில் செயலி நம் கடவுச்சொல்லை வைத்திருப்பதில்லை. நாம் நிறுவனத்தின் பக்கத்தில் நேராக நுழைந்து ஒப்புதல் தருகிறோம். நிறுவனம் செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டு வழங்குகிறது. அந்தச் சீட்டைத்தான் செயலி பெட்டியில் பூட்டி வைக்கிறது.

இதை அறியாத ஒருவர் பழைய முறையிலேயே அமைத்த செயலியில் சரியான கடவுச்சொல்லை நூறு முறை கொடுத்தாலும் பயனில்லை. செயலியின் கணக்கு அமைப்பில், அடையாளம் காட்டும் முறை என்ற இடத்தில் ‘ஓ ஆத் 2’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீட்டு வழங்கும் பக்கம் திறப்பதற்குச் செயலியில் குக்கிகள் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். மற்றொன்றும் நினைவிருக்கட்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால், அஞ்சலுக்காக முன்பு வழங்கிய சீட்டு செல்லாமற் போகிறது. தொல்லை தீரும் என்று நினைத்துச் சொல்லை மாற்றுகிறவர், மற்றொரு கேள்வியைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

வாயில்கள் இரண்டு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. வரும் அஞ்சலுக்கு ஒரு சர்வர், போகும் அஞ்சலுக்கு வேறொரு சர்வர். பெட்டியில் சொற்கள் சர்வரின் பெயருக்கு எதிரேதான் எழுதப்படுகின்றன. வருவதற்கு உரிய சொல்லைப் புதுப்பித்துவிட்டு, போவதற்கு உரியதைப் பழையபடியே விட்டிருந்தால், அஞ்சல் வரும், ஆனால் அனுப்பும்போது கேள்வி எழும். சேவை வழங்குவோர் சர்வரின் பெயரை மாற்றினாலும் இப்படியே. பழைய பெயருக்கு எதிரே எழுதிய சொல்லைச் செயலி புதிய பெயருக்கு எடுத்துக் கொடுக்காது; கொடுக்கவும் கூடாது.

நோயின் மூன்று இடங்களையும் கண்டோம். இனி எது என்று எப்படி அறிவது? நல்ல மருத்துவர் கேள்விகளை முறைப்படி கேட்பது போல நாமும் கேட்க வேண்டும். முதலில் செயலியை மூடிவிட்டு, இணைய உலாவியில் அஞ்சல் நிறுவனத்தின் முகவரியை நாமே தட்டி, அங்கே நுழைந்து பார்க்க வேண்டும். எந்த அஞ்சலிலும் வந்த இணைப்பின் வழியாகப் போகக்கூடாது. அங்கே நுழைய முடிந்தால் சொல் சரி. சொல்லை மாற்ற வேண்டாம். அங்கேயும் நுழைய முடியாவிட்டால்தான் சொல்லைப் பற்றி ஐயுற வேண்டும்.

அடுத்து, கேள்வி எப்போது எழுகிறது என்று பார்க்க வேண்டும். செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், எல்லாக் கணக்குகளுக்கும் கேட்டால், பழுது பெரும்பாலும் பெட்டியில். திறந்து நன்றாக இயங்கும்போது இடையிடையே கேட்டால் வழியைப் பார்க்கலாம். ஒரே ஒரு கணக்குக்கு மட்டும், அதுவும் சொல்லைக் கொடுத்த மறுகணமே கேட்டால், வாயிலில்தான் மறுப்பு.

பெட்டியில் பழுது என்று தோன்றினால், தண்டர்பேர்ட் போன்ற செயலியில் அமைப்புகளுக்குள் தனியுரிமைப் பகுதியில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். பட்டியல் வெறுமையாக இருந்தால் சேமிப்பே நடக்கவில்லை. பழைய சர்வர்களின் பெயர்கள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கலாம். அப்படியும் தீராவிட்டால் செயலியை முழுவதும் மூடி, பயனாளர் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, மேலே சொன்ன பெட்டிக் கோப்பு, சாவிக் கோப்பு இரண்டின் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும். செயலியை மறுபடி திறந்தால் அது புதிய பெட்டியையும் புதிய சாவியையும் தானே செய்துகொள்ளும். ஒவ்வொரு கணக்கின் சொல்லையும் ஒரு முறை கொடுத்து, இரண்டு முறை மூடித் திறந்து சோதிக்க வேண்டும். அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழுது வேறிடத்தில் இருப்பது தெரியவந்தால், பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும்.

பணிமாற்றம் பெற்று ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு இதிலிருந்தே ஒரு விதி கிடைக்கிறது. கணினி மாற்றும்போது தனித்தனிக் கோப்புகளைப் பொறுக்கி எடுக்காமல், செயலியை மூடிய நிலையில் பயனாளர் கோப்புறை முழுவதையும் எடுத்துச் செல்ல வேண்டும். வீடு மாற்றும்போது பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டுச் சாவியைப் பழைய வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வருவோமா?

சேமித்து வைப்பதில் உள்ள மற்றோர் அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தலைமைக் கடவுச்சொல் ஒன்றை அமைக்காதவரை, தண்டர்பேர்டில் சாவி பெட்டியின் அருகிலேயே திறந்தபடி கிடக்கிறது. இரண்டு கோப்புகளையும் படியெடுத்தவர் எல்லாச் சொற்களையும் படித்துவிடலாம். பலர் புழங்கும் கணினியிலும், பழுது பார்க்கக் கடையில் கொடுக்கும் கணினியிலும் தலைமைக் கடவுச்சொல் அவசியம். அது அமைந்திருக்கும்போது, செயலியைத் திறந்தவுடன் ஒரு முறை அதைக் கேட்பது பழுதன்று, காவல்.

வேற்று மாநிலத்தில் வாழ்வோர் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அஞ்சற்கணக்கை மீட்பதற்கென்று நாம் கொடுத்து வைத்திருக்கும் கைப்பேசி எண் எது? பலர் ஊரில் வாங்கிய பழைய எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இங்கே வந்ததும் புதிய சிம் வாங்கிப் பழையதைக் கைவிட்டிருப்பார்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்கள் கடந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அப்போது நம் கணக்கை மீட்கும் குறியீடு முன்பின் அறியாத ஒருவர் கைக்குப் போகும். கணக்குக்குள் எளிதாக நுழைய முடிகிற இன்றே இந்த எண்ணைத் திருத்திவிடுவது நல்லது. கதவு அடைபட்ட பின் திருத்த முடியாது.

இவ்வளவும் செய்தும் கடவுச்சொல் வஞ்சகர் கையில் சிக்கியதாகத் தோன்றினால், உடனே வேறொரு நம்பிக்கையான கருவியிலிருந்து அதை மாற்ற வேண்டும். அஞ்சலைத் தாமாக வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏதேனும் அமைக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து நீக்க வேண்டும். உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். காலம் கடக்கக் கடக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

முன்னே சொன்ன பெரியவருக்கு நேர்ந்த இழப்பு, ஒரு கோப்பு இடம் மாறியதால் மட்டும் வந்ததன்று. கேட்டவுடன் கொடுக்கும் பழக்கம் ஏற்பட்டதால் வந்தது. செயலி நாள்தோறும் கேட்பதை ஒரு சிறு தொல்லையாக எண்ணிப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மையன்று. அந்தத் தொல்லையை முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டால், பின்னர் ஒரு நாள் எதிர்பாராமல் கேள்வி எழும்போது, “இது ஏன் இப்போது கேட்கிறது?” என்று நம் மனம் தானே விழித்துக்கொள்ளும். போலியை அடையாளம் காட்டுவது அந்த விழிப்புத்தான்.

ஆகவே, செயலி அடுத்த முறை கடவுச்சொல்லைக் கேட்கும்போது கையை விசைப்பலகையில் வைப்பதற்கு முன், கேட்பது யார், பழுது பெட்டியிலா, வழியிலா, வாயிலிலா என்று சற்றே நின்று எண்ணிப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.